புளுவே: ஒரு சிற்றூர் வளர்த்த சைக்கிள் பந்தயம்



வரலாறு என்றால் மன்னர்களும் போர்களும் தலைநகரங்களும்தாம் என்று நம்மில் பலர் பள்ளிக்கூட நாளிலிருந்தே பழகிவிட்டோம். கோட்டையும் கொத்தளமும் இல்லாத ஊருக்கு வரலாறு ஏது என்று கேட்பவர்களும் இருக்கிறார்கள். இன்றைய உரையில் நாம் பார்க்கப்போகும் ஊரில் ஆறாயிரம் பேர்கூட இல்லை. ஒரு மாதா கோயில், அதைச் சுற்றிச் சில தெருக்கள், அதற்கப்பால் மாட்டுப் பண்ணைகளும் வயல்களும். ஆனால் சைக்கிள் பந்தயம் என்று பேச்செடுத்தால், இத்தாலியிலிருந்து ஆஸ்திரேலியா வரை அந்தத் துறையில் இருப்பவர்கள் இந்த ஊரின் பெயரைச் சட்டென்று சொல்லிவிடுவார்கள். ஊரின் பெயர் புளுவே.

புளுவே பிரான்ஸ் நாட்டின் வடமேற்கு மூலையில், பிரித்தானி என்ற மாநிலத்தில் இருக்கிறது. இதைப் பிரிட்டனோடு சேர்த்துக் குழப்பிக்கொள்ள வேண்டாம். ஆனால் அந்தப் பெயருக்கும் பிரிட்டனுக்கும் உறவு உண்டு. கி.பி. 5, 6-ஆம் நூற்றாண்டுகளில் பிரிட்டன் தீவின் தென்மேற்குப் பகுதி மக்கள் கூட்டங்கூட்டமாகக் கடலைக் கடந்து இந்தக் கரையில் குடியேறினார்கள். வரும்போது தங்கள் மொழியையும் கொண்டுவந்தார்கள். அதுதான் பிரெத்தோன் மொழி. அது பிரெஞ்சுக்குச் சொந்தமில்லை. வேல்ஸ் மொழிக்குத்தான் உடன்பிறப்பு. அங்கே ஊர்ப் பெயர்கள் பலவும் 'புளு' என்றே தொடங்கும். ஒரு மாதா கோயிலைச் சேர்ந்த குடிமக்கள் என்று அதற்குப் பொருள்.

புளுவேயிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தெற்கே போனால் லோரியாங் துறைமுகம். 1666-ல் பிரெஞ்சுக் கிழக்கிந்தியக் கம்பெனி கப்பல் கட்டுவதற்காக ஏற்படுத்திய ஊர் அது. கீழ்த்திசை என்று பொருள்படும் சொல்லே ஊருக்குப் பெயராயிற்று. 18-ஆம் நூற்றாண்டில் புதுச்சேரியில் ஏற்றிய துணிமூட்டைகள் இறங்கிய துறைமுகங்களில் இதுவே தலையாயது. நமக்கு எங்கோ இருக்கும் ஊர் என்று தோன்றுகிறது. நம் முன்னோர் நெய்த துணியோ நம்மை முந்திக்கொண்டு அங்கே போய்ச் சேர்ந்துவிட்டது.

இனிச் சைக்கிளுக்கு வருவோம்.

பிரித்தானி நெடுங்காலம் ஏழை நாடாகவே இருந்தது. நிலம் சிறு சிறு துண்டு. வீடு நிறையப் பிள்ளைகள். பெண்பிள்ளைகள் ரயிலேறிப் பாரிசுக்குப் போய்ப் பணக்கார வீடுகளில் வேலைக்காரிகளானார்கள். ஆண்பிள்ளைகள் பாரிசில் பாதாள ரயிலுக்குச் சுரங்கம் வெட்டினார்கள், தெருவுக்குக் கல் சுமந்தார்கள். ஊரில் இருந்த பிள்ளைகளுக்கோ பள்ளிக்கூடத்தில் வேறொரு சங்கடம். வகுப்பில் தாய்மொழி பேசிவிட்டால், மரச்செருப்பையோ பலகைத் துண்டையோ கயிற்றில் கட்டிக் கழுத்தில் மாட்டிவிடுவார்கள். அடுத்து இன்னொரு பிள்ளை பிரெத்தோன் பேசி அகப்பட்டால் அதை அவன் கழுத்துக்கு மாற்றலாம். மாலையில் யார் கழுத்தில் கிடக்கிறதோ அவனுக்குத் தண்டனை. ஒரு பிள்ளையை இன்னொரு பிள்ளைக்கு ஒற்றனாக்கிய ஏற்பாடு இது. எந்த அடியையும்விட இது கொடியது என்றே நமக்குப் படுகிறது. 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் பத்து லட்சம் பேர் அளவில் பேசிய அந்த மொழியை 2018-ல் ஏறத்தாழ இரண்டு லட்சம் பேரே பேசினார்கள். 1977 முதல் 'திவான்' என்ற பள்ளிகளில் பிரெத்தோன் வழியாகவே பாடம் நடக்கிறது. கொஞ்சம் தாமதம்தான்.

இப்படி வளர்ந்த இளைஞனுக்குப் படிப்பால் உயர வழி குறைவு. பணத்தால் உயர வழியே இல்லை. கால்கள் மட்டும் சொந்தம். அந்த நேரத்தில்தான் சைக்கிள் வந்தது.

1888-ல் அயர்லாந்தின் பெல்பாஸ்ட் நகரத்துக் கால்நடை வைத்தியர் டன்லப், காற்றடைத்த டயருக்கு உரிமம் பெற்றார். மகனுடைய மூன்று சக்கர வண்டி குலுங்காமல் ஓடவேண்டும் என்று செய்து பார்த்தது அது. ஆனால் அந்த டயரைச் சக்கரத்தோடு பசை போட்டு ஒட்டியிருப்பார்கள். ஓட்டை விழுந்தால் பிரித்து, ஒட்டி, காயவைத்து எடுப்பதற்குள் ஒரு நாள் போய்விடும். பிரான்சில் மிஷலின் சகோதரர்கள் 1891-ல் கழற்றி மாட்டக்கூடிய டயரைச் செய்தார்கள். அதே ஆண்டு செப்டம்பரில் பாரிஸ் நாளேடு ஒன்று பெரும் பந்தயம் ஒன்றை நடத்தியது. பாரிசில் புறப்பட்டு, பிரித்தானியின் மேற்குக் கோடியிலுள்ள பிரெஸ்ட் துறைமுகம் வரை போய், திரும்பப் பாரிசுக்கு வந்து சேரவேண்டும். ஏறத்தாழ 1,200 கிலோமீட்டர். சார்ல் தெரோங் என்பவர் மிஷலின் டயர் பூட்டிய வண்டியில், மூன்று இரவுகள் கிட்டத்தட்டக் கண்மூடாமல் ஓட்டி, 71 மணி 22 நிமிடத்தில் முதலாவதாக வந்தார். பிரித்தானிக் கிராமத்து மக்கள் சாலையோரம் நின்று இதைப் பார்த்தார்கள். குதிரை இல்லாமல் ஒரு மனிதன் இவ்வளவு தூரம் போவதா என்ற வியப்பு அவர்களை விட்டு நீங்கவே இல்லை.

அந்த டயருக்கான ரப்பர் அப்போது பெரும்பாலும் பிரேசில் நாட்டுக் காடுகளிலிருந்து வந்தது. அதே காலத்தில், 1877-ல் சிங்கப்பூருக்கு வந்த கன்றுகளின் வழிவந்த மரங்களில் ரிட்லி என்ற தாவர நூலார், மரம் சாகாமல் பால் வெட்டும் முறையைச் சோதித்துக்கொண்டிருந்தார். பிறகு நடந்ததை நேயர்களுக்கு நாம் சொல்லித் தெரியவேண்டியதில்லை. 1910-களிலேயே தோட்ட ரப்பர் காட்டு ரப்பரை மிஞ்சிவிட்டது. புளுவே போன்ற ஊர்களில் ஓடிய ஒரு குறிப்பிட்ட டயரில் எந்தத் தோட்டத்துப் பால் இருந்தது என்று யாரும் எழுதி வைக்கவில்லை. ஆனால் 1931-ல் உலகத்து ரப்பரில் மிகப் பெரும்பங்கு மலாயாவிலிருந்தும் சுமத்ரா, ஜாவா, இலங்கைத் தோட்டங்களிலிருந்தும்தான் போயிற்று.

1931 என்று நாம் சொல்வதற்குக் காரணம் உண்டு. அந்த ஆண்டில்தான் புளுவே பந்தயம் பிறந்தது.

அது நல்ல ஆண்டல்ல. உலகமே பொருளாதார மந்தத்தில் சிக்கியிருந்தது. மலாயாவில் ரப்பர் விலை விழுந்து, தோட்டங்கள் ஆட்குறைப்புச் செய்து, ஆயிரக்கணக்கான தமிழ்த் தொழிலாளர்களைக் கப்பலேற்றி இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய காலம் அது. உங்கள் குடும்பத்துப் பெரியவர்கள் அதைப் பற்றிச் சொல்லியிருக்கக்கூடும். பிரித்தானியிலும் விவசாய விளைபொருள் விலை அந்த ஆண்டுகளில் இறங்கிக்கொண்டே போயிற்று. அப்படிப்பட்ட வேளையில் புளுவே ஊர்த் திருவிழாக் குழுவினர், ஊரில் வைத்தியம் பார்த்துவந்த ஒரு டாக்டரின் முயற்சியால், நம் ஊரைச் சுற்றி ஒரு சைக்கிள் பந்தயம் நடத்துவோம் என்று முடிவு செய்தார்கள்.

திருவிழாக் குழு என்றதைக் கவனியுங்கள். பந்தயம் பிறந்தது அரசாங்க அலுவலகத்தில் அல்ல, பெரிய கம்பெனியிலும் அல்ல. பிரித்தானியில் ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் புனிதருக்கு ஆண்டு விழா நடக்கும். 'பார்தோங்' என்று பெயர். காலையில் பூசை, பிறகு கொடிகள் ஏந்தி ஊர்வலம், பிறகு விருந்து, மாலையில் மல்யுத்தமும் நடனமும் விளையாட்டும். சைக்கிள் பரவிய பிறகு விளையாட்டுகளோடு சைக்கிள் பந்தயமும் சேர்ந்துகொண்டது. ஊரைச் சுற்றிச் சில கிலோமீட்டர் வட்டம். அதையே பலமுறை சுற்றவேண்டும். இதில் ஒரு வசதி உண்டு. நேர் சாலையில் போகும் பந்தயம் கண் இமைக்கும் நேரத்தில் கடந்துவிடும். வட்டப் பந்தயமென்றால் பாட்டியும் பேரனும் வீட்டு வாசலில் நின்றபடியே வீரர்களைப் பத்துத் தடவை பார்க்கலாம். இந்தச் சுற்றில் முதலில் வருபவனுக்கு இவ்வளவு என்று கடைக்காரர் ஒருவர் அங்கேயே சிறு தொகை அறிவிப்பார். தோற்கப்போகிறவன்கூட அந்த ஒரு சுற்றுக்கு உயிரைக் கொடுத்து ஓட்டுவான், இரவுச் சாப்பாட்டுக்காவது ஆகுமே என்று.

முதல் ஆண்டு வென்றவர் பிரான்சுவா ஃபாவே. அடுத்துவந்த ஆண்டுகளில் அக்கம்பக்கத்து வீரர்களின் பெயர்களே அடிக்கடி வருகின்றன. ஜான் மாரி கோஸ்மா என்பவர் புளுவே இருக்கும் மோர்பிஹான் மாவட்டத்துக்காரர். 1935-லும் 1937-லும் வென்றார்.

பிறகு போர். 1939 முதல் 1944 வரை பந்தயம் இல்லை. ஜெர்மானியர்கள் லோரியாங் துறைமுகத்தில் நீர்மூழ்கிக் கப்பல்களுக்கு மாபெரும் காங்கிரீட் கூடங்கள் கட்டினார்கள். 1943 ஜனவரி, பிப்ரவரி மாதங்களில் நேசநாட்டு விமானங்கள் ஊரையே குண்டுவீசித் தரைமட்டமாக்கின. வேடிக்கை என்னவென்றால் வீடுகள்தாம் அழிந்தன. கூடங்கள் இன்றும் நிற்கின்றன. வீடிழந்த மக்கள் சுற்றுப்புறக் கிராமங்களில் தஞ்சமடைந்தார்கள். பாரிஸ் விடுதலை அடைந்து எட்டு மாதத்துக்கு மேலாகியும் லோரியாங்கில் ஜெர்மன் படை சரணடையவில்லை. 1945 மே 10-ஆம் தேதிதான் அது ஆயுதத்தைக் கீழே வைத்தது. அதே 1945-ல் புளுவேயில் மறுபடியும் பந்தயம் நடந்தது. அரிசிக்கும் துணிக்கும் வரிசையில் நின்ற அந்த நாள்களை நினைவில் வைத்திருப்பவர்களுக்கு, டயர் கிடைப்பதே அப்போது எவ்வளவு அரிது என்பது தெரியும். அவர்கள் காத்திருக்கவில்லை.

இங்கே நாம் கொஞ்சம் வழி விலகி, ஜான் ரோபிக் என்ற மனிதரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். ஒரு குட்டை மனிதர் இல்லாமல் பிரித்தானியின் சைக்கிள் கதை நிறைவு பெறாது.

ரோபிக் வளர்ந்தது அதே மோர்பிஹானில், ரடநாக் என்ற கிராமத்தில். உயரம் 1.61 மீட்டர்தான். தலையில் தோல் தொப்பி அணிந்து ஓட்டுவார்; பார்ப்பவர்கள் சிரிப்பார்கள். பிரான்ஸ் நாட்டையே சுற்றிவரும் 'தூர் த பிரான்ஸ்' என்ற மாபெரும் பந்தயம் 1903-ல் தொடங்கியது. போரால் நின்றிருந்த அது 1947-ல் மீண்டும் நடந்தபோது, பிரான்சின் தேசியக் குழுவில் ரோபிக்குக்கு இடம் கிடைக்கவில்லை. மேற்கு வட்டாரக் குழு ஒன்றில் சேர்ந்துகொண்டார். அப்போதுதான் அவருக்குக் கல்யாணமாகியிருந்தது. என்னிடம் காசில்லை, தூர் பரிசைத்தான் உனக்குச் சீராகக் கொண்டுவருவேன் என்று மனைவியிடம் சொல்லிவிட்டுப் போனதாகக் கதை. மூன்று வாரங்களுக்கு மேல் ஓட்டிக் கடைசி நாளுக்கு வந்தபோது அவர் மூன்றாம் இடத்தில், முதல்வருக்கு ஏறத்தாழ மூன்று நிமிடம் பின்னால் இருந்தார். கடைசி நாளில் யாரும் முந்த முயல்வதில்லை என்பது வீரர்களுக்குள் ஒரு வழக்கம். ரோபிக் அந்த வழக்கத்தைப் பொருட்படுத்தவில்லை. ரூவான் நகரத்தைத் தாண்டி ஒரு மேட்டில் எழுந்து மிதித்தார். முதலிடத்தில் இருந்தவரால் தொடர முடியவில்லை. பாரிஸ் போய்ச் சேர்ந்தபோது தூர் ரோபிக்குக்குச் சொந்தம். முதல்வர் அணியும் மஞ்சள் சட்டையை அணிந்து ஒரு நாள்கூட ஓட்டாமலே தூரை வென்ற முதல் வீரர் அவர்தான்.

அவருக்குப் பின் ரொட்டிச் சுடுபவரின் மகன் லூயிசோங் போபே 1953, 1954, 1955 என்று மூன்று ஆண்டுகள் தொடர்ந்து தூரை வென்றார். தண்டவாளத் தொழிலாளியின் மகன் பெர்னார் ஈனோ 1978-க்கும் 1985-க்கும் இடையே ஐந்து முறை வென்றார். இருவரும் பிரித்தானிக்காரர்கள். 1985-க்குப் பிறகு 2025 வரையில் ஆண்கள் தூரைப் பிரெஞ்சுக்காரர் வேறு எவரும் வெல்லவில்லை.

சரி, புளுவே வட்டத்தில் அப்படி என்ன கடினம்? அங்கே பெரிய மலை எதுவும் இல்லை. சின்னச் சின்ன மேடுகள். ஏறி இறங்கி, இறங்கி ஏறி, கால்கள் ஓய்வென்பதே காணாது. முடிவுக்கோட்டுக்குச் சில கிலோமீட்டர் முன்னால் 'டி மாரெக்' என்ற ஏற்றம் வரும். பிரெத்தோன் மொழியில் 'டி' என்றால் வீடு. பந்தயம் பெரும்பாலும் இந்த ஏற்றத்தில்தான் தீர்மானமாகும். சைக்கிள் பந்தயத்தில் முன்னால் போகிறவன் காற்றைக் கிழித்துக்கொண்டு போகவேண்டும். அவன் முதுகுக்குப் பின்னால் ஒட்டி வருகிறவனுக்கோ மூன்றில் ஒரு பங்கு வேலை மிச்சம். எதிர்காற்றில் பால் வாளியோடு சைக்கிள் மிதித்த அனுபவம் உள்ளவர்களுக்கு இது புரியும். அதனால்தான் வீரர்கள் கூட்டமாகவே வருகிறார்கள். குழுவில் சிலர் தங்கள் தலைவனுக்காகக் காற்றை வாங்கிக்கொண்டு முன்னால் ஓட்டிக் களைத்து விலகிவிடுவார்கள். ஏற்றத்தில் வேகம் குறைவதால் காற்றும் குறைகிறது; பின்னால் ஒளிவதில் பயன் இல்லை. யாரிடம் உண்மையான பலம் இருக்கிறது என்பது அங்கே தெரிந்துவிடும். பரிசு மேடையில் ஒருவன்தான் நிற்கிறான். அவனுக்காகக் காற்று வாங்கியவர்களின் பெயர் செய்தித்தாளின் கடைசி வரியில்கூட வருவதில்லை.

இந்த விளையாட்டுக்கு ஓர் இருண்ட பக்கமும் உண்டு. அதை மறைப்பது நேர்மையாகாது. 1998 ஜூலை 15-ஆம் தேதி தூர் பந்தயத்தின் ஒரு நாள் ஓட்டம் புளுவேயிலிருந்து ஷொலே நகரத்துக்குப் புறப்பட்டது. ஊருக்கு அது பெருமை நாள். ஆனால் அன்றே ஷொலேயில் ஒரு முன்னணிக் குழுவின் மேலாளரையும் மருத்துவரையும் ஊக்கமருந்து விவகாரத்தில் போலீசார் பிடித்துக்கொண்டு போனார்கள். அந்த ஆண்டுத் தூரின் பெயரே அதனால் கெட்டது. ஊர் மக்கள் வழிகாட்டிப் பலகைகளைக் கட்டிய கை ஓய்வதற்குள் வந்த செய்தி அது.

இரண்டே ஆண்டுகளில் உலகச் சாலைச் சைக்கிள் போட்டி புளுவேக்கு வந்தது. இதன் அளவை நேயர்கள் எண்ணிப் பார்க்கவேண்டும். 1999-ல் அந்தப் போட்டி இத்தாலியின் வெரோனா நகரில் நடந்தது. 2001-ல் போர்ச்சுகலின் தலைநகர் லிஸ்பனில் நடந்தது. இடையில் 2000-ஆம் ஆண்டு அக்டோபரில், சில ஆயிரம் பேர் வாழும் இந்த ஊரில். ஆண்டுதோறும் அதே குழு, அதே வட்டத்தில், குறைவில்லாமல் பந்தயத்தை நடத்திக் காட்டியிருந்ததுதான் அதற்குக் கைமுதல். சாலைத் திருப்பங்களில் தடுப்புக் கட்டுவது, வண்டிகளை மறிப்பது, வந்தவர்களுக்குச் சமைப்பது என்று நூற்றுக்கணக்கான தொண்டூழியர்கள் அந்த வேலைகளைச் செய்து கைதேர்ந்திருந்தார்கள். 19 சுற்று, ஏறத்தாழ 269 கிலோமீட்டர் ஓடி ஆண்கள் பட்டத்தை வென்றவர் ரோமான்ஸ் வைன்ஸ்டைன்ஸ். அவர் சுதந்திரம் பெற்று ஒன்பதே ஆண்டுகளான லாட்வியா என்ற சிறு நாட்டுக்காரர். சிற்றூரில் சிறு நாடு வென்றது நமக்கென்னவோ பொருத்தமாகவே தோன்றுகிறது. பெண்களுக்கான நேர ஓட்டத்தில் பிரிட்டனின் மாரி ஹோல்டன் முதலிடம். இரண்டாவதாக வந்த பிரான்சின் ஜானி லோங்கோவுக்கு வயது 41.

பெண்கள் என்றதும் இன்னொன்றையும் சொல்லவேண்டும். 2002 முதல் புளுவேயில் பெண்களுக்கும் தனிப் பந்தயம் நடக்கிறது. ஆண்கள் பந்தயத்துக்கு முன்னால் ஒப்புக்கு நடத்தும் வேடிக்கையாக அல்ல, உலகத்தின் முதல் வரிசை வீராங்கனைகள் வரும் பந்தயமாக. பெண்களுக்கு நல்ல பந்தயங்களே அரிதாயிருந்த காலத்தில் இந்த ஊர் அதைத் தொடங்கி, விடாமல் நடத்தியது. 2025-ல் பெண்களின் தூர் பந்தயம் இதே மோர்பிஹான் மாவட்டத்தின் வான் நகரத்தில் தொடங்கியது. அதை வென்ற போலின் ஃபெராங் பிரெவோ ஒரு பிரெஞ்சுப் பெண்.

2020-ல் கொள்ளைநோய் வந்தது. இத்தாலியின் திரெந்தினோ வட்டாரத்தில் நடக்கவேண்டிய ஐரோப்பியச் சைக்கிள் போட்டியை அந்த ஆண்டு அங்கே நடத்த முடியவில்லை. புளுவே முன்வந்து ஏற்றுக்கொண்டது. ஆகஸ்ட் மாதத்து ஒரே வாரத்தில் ஐரோப்பியப் போட்டியும், ஊரின் ஆண்கள் பந்தயமும், பெண்கள் பந்தயமும். தயார் செய்யக் கிடைத்ததோ சில வாரங்கள்தான். நோய்க் கட்டுப்பாடுகளால் அந்த ஆண்டு வழக்கமான திருவிழாக் கூட்டம் இல்லை. திருவிழாவுக்கென்று பிறந்த பந்தயம், திருவிழா இல்லாமல் ஓடியது.

மறு ஆண்டு, 2021 ஆகஸ்ட் 29-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை, பந்தயம் மீண்டும் நடந்தது. அன்றைய உலக வீரர் ஜூலியான் அலாஃபிலிப்பைக் கடைசி நேரத்தில் முந்தி வென்றவர் பெனுவா கொஸ்னெஃபுருவா. அவர் பக்கத்து மாநிலமான நோர்மண்டியைச் சேர்ந்தவர். பிரித்தானிக்காரர்கள் அதைப் பெரிதுபடுத்தவில்லை என்று நம்புவோம்.